வீனி அக்காவின் இடது கால்

நியூவார்க்கில் ஆர்கன் வாசிப்பவர்களைப் பற்றி யாரிடம் கேட்டாலும் முதலில் இடது கையைத்தான் சொல்வார்கள். வலது கை பாடும், அது கொஞ்சம் பழகினால் எவனுக்கும் வரும். இடது கை நடக்க வேண்டும். பாட்டுக்கு அடியில் பேஸ் என்கிற கனத்த கீழ்ஒலி ஒரு அடிகூடத் தப்பாமல் நடந்துகொண்டே இருந்தால்தான் டிரம்ஸ்காரன் சாய்ந்து அடிப்பான், கிதார்காரன் இஷ்டத்துக்குத் திரிவான், குடிக்க வந்தவன் தலையை ஆட்டுவான். பேஸுக்கென்று நாலாவது ஆளை வைக்காமல் மூன்றே பேரோடு பார் முதலாளிகள் கடை நடத்துவதும் அந்த ஒரு கையை நம்பித்தான்.

லூவீனியா டார்டனுக்கு அந்தக் கையில் சுண்டுவிரலும் மோதிரவிரலும் 1965 மார்ச்சில் செத்துப்போயின.

நான் அந்த வீனி அக்காவின் குழுவில் கிதார். பகலில் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். தென் கரோலினாவில் புகையிலைக் காட்டுக்கு நடுவே இருபது வீடு கொண்ட ஊர் என்னுடையது. எங்கள் வம்சத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான்தான். என் அப்பா கையெழுத்துக்குப் பதில் பெருக்கல் குறி போட்டவர். இதை நான் அடிக்கடி சொல்வேன் போலிருக்கிறது, டிரம்ஸ் வாசிக்கும் லெமுவேல், எங்களுக்கு லெம், எனக்கு ‘காலேஜ்’ என்றே பேர் வைத்துவிட்டார். “காலேஜ், அந்தப் பெட்டியை இந்தப் பக்கம் தூக்கு. பட்டம் வாங்கினா முதுகு வளையாதா?” என்பார்.

அக்காவும் நானும் ஒரே கட்டடத்தில் குடியிருந்தோம். நான் இரண்டாம் மாடி, அவள் மூன்றாம் மாடி. அவள் ஜார்ஜியாவில் பிறந்து பதின்மூன்று வயதில் இங்கே வந்தவள். சபையில் பியானோ வாசித்து வளர்ந்தாள். இருபத்தைந்தாவது வயதில் சலவைக்கூடத்தில் இஸ்திரி போட்டுக்கொண்டே தவணையில் ஆர்கன் வாங்கி, சனிக்கிழமைகளில் பாரில் வாசிக்கத் தொடங்கியதும் பாஸ்டர் கூப்பிட்டனுப்பினார்.

“சாத்தானுக்கு வாசிச்ச கை கர்த்தருக்கு வாசிக்காது, மகளே. எது வேணும்னு முடிவு பண்ணு.”

“ரெண்டு நாளும் ஒரே கைதான் பாஸ்டர். கழுவிட்டுத்தான் வர்றேன்.”

அத்தோடு சபை போயிற்று. அவளுடைய அம்மா கடைசிவரை அந்தச் சபையின் முதல் பெஞ்சில் உட்கார்ந்தாளே தவிர, அதன்பின் மகள் வாசித்து ஒரு பாட்டுக் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு பத்து வருஷம் சாலையில். ஆர்கன் நாலு ஆள் கனம், சாதாரணக் காரில் ஏறாது. அதனால் எல்லா ஆர்கன்காரர்களையும் போல அக்காவும் ஒரு பழைய சவ வண்டியை வாங்கினாள். சவப்பெட்டி வைக்கிற இடத்தில் ஆர்கன், முன்னால் அவளும் லெம்மும். பஃபலோ, கிளீவ்லாந்து, பிட்ஸ்பர்க் என்று ஊர் ஊராகப் போவார்கள். எதிரே வருகிறவர்கள் தொப்பியைக் கழற்றி வழிவிடுவார்களாம். ஒருதடவை ஒகையோவில் ஒரு போலீஸ்காரன் நிறுத்தி, “யாரு செத்தது?” என்று கேட்டிருக்கிறான். லெம், “இன்னும் யாரும் இல்லீங்க ஐயா. ராத்திரி நாங்க வாசிச்சு முடிச்சதும் தெரியும்” என்றாராம். இந்தக் கதையை லெம் நூறு தடவை சொல்லியிருப்பார். அக்கா நூறு தடவையும் சிரிப்பாள்.

கடைசியில் மிஸ்டர் ப்ரூயிட்டின் பாரில் நிலையான இடம் கிடைத்தது. வண்டியை விற்றாள். ப்ரூயிட் குதிரைலாடம் போல ஒரு கவுன்டர் கட்டி, அதன் நடுவில் ஆர்கனை வைத்தார். குடிக்கிறவர்கள் சுற்றி உட்கார்ந்து, விசைகளுக்கு ஒரு முழம் தள்ளிக் கோப்பையை வைத்துக்கொண்டு கையைப் பார்ப்பார்கள். எங்கள் மூன்றாம் மாடிக்கு அந்த ஆர்கன் ஏறவே ஏறாது. அந்தப் பாரில் அக்காவின் இடம் போனால் ஆர்கனுக்கும் வீடு போயிற்று என்று அர்த்தம்.

முதலில் சட்டைப் பித்தான் போட முடியவில்லை என்றாள். பிறகு கோப்பை நழுவியது. மருத்துவமனைக்கு நான்தான் கூட்டிப்போனேன். முழங்கையில் நரம்பு நசுங்கியிருக்கிறது என்றார் டாக்டர். அறுத்துப் பார்க்கலாம், ஆனால் விரல் திரும்புமென்று வாக்குக் கொடுக்க முடியாதாம்.

“ஆறு மாசம் இந்தக் கைக்கு வேலை குடுக்காதீங்க.”

அக்கா சிரித்தாள். “ஆறு மாசம் என் வயித்துக்கு வேலை குடுக்காம இருக்கச் சொல்லிப்புடுங்க டாக்டர், ரெண்டும் ஒண்ணுதான்.”

வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் நின்றபோது அந்த இரண்டு விரலையும் பல்லால் கடித்துப் பார்த்தாள். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கொஞ்ச நாள் மூன்று விரலால் ஓட்டினாள். பேஸ் நொண்டியது. ப்ரூயிட் கோப்பை துடைத்துக்கொண்டே நிமிர்ந்து நிமிர்ந்து பார்த்தார். ஒரு திங்கட்கிழமை காலையில் அக்கா லெம்மையும் என்னையும் பாருக்கு வரச் சொன்னாள். சாவி அவளிடம் ஒன்று உண்டு. காலில் பவுலிங் விளையாடுகிறவர்கள் போடும், அடி வழுவழுப்பான ஷூ. லெம் எங்கோ விளையாடப் போய் வாடகைக்கு வாங்கித் திருப்பிக் கொடுக்க ‘மறந்த’ ஜோடி அது.

ஆர்கனுக்கு மேல்வரிசை, கீழ்வரிசை என்று இரண்டு வரிசை விசைகள் உண்டு. காலடியில் இருபத்தைந்து மரக்கட்டைகள், அவற்றிலும் பேஸ் ஒலி வரும். ஆனால் பாரில் வாசிக்கிறவர்கள் அந்தக் கட்டைகளில் ஏதோ ஒன்றைத் தட்டிக்கொண்டிருப்பார்கள், கைவிரலின் பேஸுக்கு ஒரு ‘தம்’ சேர்க்க. அவ்வளவுதான். வலது காலுக்குச் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் மிதிகட்டை இருக்கிறது, அதிலிருந்து அந்தக் காலை எடுக்க முடியாது. ஆக, முழு பேஸும் நடக்க வேண்டுமென்றால் மிச்சம் இருப்பது ஒரே ஒரு இடது கால்.

அக்கா குதிகாலும் நுனிக்காலுமாக மாற்றி மாற்றி மிதித்தாள். ஒரு புளூஸ் பாட்டு, மெதுவாக, ஒரு சுற்றின் பன்னிரண்டு தாளக்கட்டும் நடந்தது.

லெம் குச்சியைக் கீழே வைத்துவிட்டார். “எப்ப பழகினே?”

“ஆறு வாரமா. தினம் காலையில.”

“அப்ப ப்ரூயிட்டுக்கிட்ட சொல்லிடு. கை போச்சு, கால் இருக்குன்னு.”

“சொன்னா? கை போச்சுங்கிறது மட்டும்தான் அந்தாளு காதுல விழும். மறுநாளே வேற ஆளு பெஞ்சுல உட்கார்ந்திருப்பான். காலைப் பார்க்க எவன் வர்றான் லெம்?”

அதன்பிறகு அவள் செய்ததைப் பார்த்து நான் அசந்துபோனேன். ஒவ்வொரு வரிசைக்கும் மேலே சின்னச் சின்ன கம்பிகள் இருக்கும். வெளியே இழுத்தால் ஒலி வரும், உள்ளே தள்ளினால் அந்த வரிசை ஊமை. கீழ்வரிசைக் கம்பிகள் எல்லாவற்றையும் உள்ளே தள்ளினாள். இடது கையை அந்த ஊமை விசைகளின் மேல் வைத்து எப்போதும்போல ஓடவிட்டாள். செத்த விரல் எங்கே விழுந்தாலும் பிசகு கேட்காது. கண்ணுக்குக் கை வாசித்தது, காதுக்குக் கால் வாசித்தது.

ஒன்பது வாரம் இப்படியே போயிற்று.

கவுன்டரில் உட்கார்ந்தவர்கள் ஒருவருக்கும் தெரியவில்லை. “அந்த இடது கையைப் பாருடா, எண்ணெயில வழுக்குற மாதிரி!” என்று ஒருவன் பக்கத்தில் இருப்பவனை இடிப்பான். அக்கா அவனைப் பார்த்துக் கண்ணடிப்பாள். முகம் அப்படியே இருக்கும். நான் நிற்கிற இடத்திலிருந்து மட்டும் கவுன்டருக்குக் கீழே அந்தக் கால் தெரியும். தண்ணீருக்கடியில் வாத்தின் கால்போல அடித்துக்கொண்டிருக்கும்.

வேகமான பாட்டுகளை விட்டுவிட்டோம். ஒற்றைக் காலுக்கு அந்த வேகம் வராது. அதையும் கவனித்தவன் ஒருவன் இருந்தான்.

“மிஸ் வீனி, என்ன இது, இப்பல்லாம் சவ ஊர்வலப் பாட்டாவே வருது?”

“வண்டியைத்தான் வித்தேன் கண்ணு, பழக்கத்தை விக்க முடியல.”

எல்லோரும் சிரித்தார்கள். அன்று வேலை முடிந்து எங்கள் கட்டடத்துக்கு வந்ததும் அக்கா மாடிப்படியில் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். உட்கார்ந்தபடியே ஒவ்வொரு படியாகப் பின்பக்கமாக ஏறினாள். கெண்டைக்கால் கல்லாகிவிட்டது. “தூக்கவான்னு கேட்டே, அறைவேன்” என்றாள், நான் வாயைத் திறப்பதற்கு முன்பே.

ஜூலை முதல் வாரம் ப்ரூயிட் வந்து சொன்னார்: “ஞாயித்துக்கிழமை மத்தியானக் கச்சேரிக்குப் பிஷப் வர்றாரு. ரெண்டு பாட்டு உட்கார்ந்து வாசிக்கிறேன்னிருக்காரு.”

எல்ராய் ஹேர்ஸ்டனுக்குத்தான் ‘பிஷப்’ என்று பேர். ஆர்கன்காரர், போதகர் மகன். பதினைந்து வருஷமாகச் சாலையில் இருந்தவர், இப்போது ஒரே ஊரில் தங்க இடம் தேடிக்கொண்டிருக்கிறார் என்று எல்லோருக்கும் தெரியும். ப்ரூயிட் எதற்காகக் கூப்பிட்டார் என்று அக்காவுக்கும் தெரியும்.

எங்களிடையே ஒரு வழக்கம் உண்டு. விருந்தாளி வாசிக்க வந்தால் பாட்டு நிற்காது. ஆர்கன்காரர் எழுந்து இடம் கொடுத்து, அவர் உட்கார்ந்து தொண்டையைச் செருமி ஆரம்பிப்பதெல்லாம் கிடையாது. வருகிறவர் பெஞ்சின் இடது ஓரத்தில் சரிந்து உட்கார்ந்து, முதலில் இடது கையைக் கீழ்வரிசையில் வைத்து பேஸை வாங்கிக்கொள்வார். பழையவர் வலது பக்கமாக நழுவி இறங்குவார். பேஸ் ஒரு அடிகூடத் தவறக் கூடாது. பெஞ்சைக் கொடுக்க மறுக்கவும் கூடாது. மறுத்தால் பயந்துவிட்டாள் என்றாகிவிடும்.

“வந்து கையை வச்சார்னா ஊமை விசைதான் இருக்கும்” என்றார் லெம்.

“அதுக்கு முன்னாடி நான் கம்பியை இழுத்துடுவேன். ரெண்டு அடி நேரம் போதும். அவரு எந்திரிக்கிறதை எவனாவது எனக்குச் சொல்லணும். நான் அந்தப் பக்கம் முதுகு காட்டி உட்கார்ந்திருக்கேன்.”

அது என் வேலையாயிற்று. பிஷப் கோப்பையைக் கீழே வைத்ததும் நான் மூன்று உச்ச ஸ்வரத்தைக் கிள்ள வேண்டும். அக்கா வலது கையால் கீழ்வரிசைக் கம்பிகளை இழுத்து, இடது கையை எடுத்துவிடுவாள். சனிக்கிழமை காலையில் இருபது தடவை ஒத்திகை பார்த்தோம். இருபதும் சரியாக வந்தது. “ஞாபகம் வச்சுக்க காலேஜ். உன் கண்ணுதான் எனக்கு விரலு” என்றாள்.

ஞாயிறு நாலு மணிக்குக் கூட்டம் நெரிந்தது. சபையிலிருந்து நேராக வந்த தொப்பிகள், பொரித்த மீன் ரொட்டி, காரச் சாறு வாடை. பிஷப் கவுன்டரின் கடைக்கோடியில் உட்கார்ந்து ஊறவைத்த பன்றிக்காலைக் கடித்துக்கொண்டிருந்தார். உயரமான மனிதர், சோர்ந்த கண்.

இரண்டாவது பாட்டில் கிதார் தனியாக வாசிக்கும் என் முறை வந்தது. அன்றைக்கு விரல் என் பேச்சைக் கேட்டது. முதல் சுற்று முடிந்தபோது பிஷப் கடிப்பதை நிறுத்தி என்னைப் பார்த்தார். பிஷப் ஹேர்ஸ்டன், என்னை! இரண்டாவது சுற்று முடிந்தது, லெம் “போடு!” என்று கத்தினார். ஒப்புக்கொண்டபடி இரண்டு சுற்றோடு நான் நிறுத்தியிருக்க வேண்டும். மூன்றாவதை எடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டேன்.

இருக்கிறதென்று நினைத்துக் கால் வைத்த இடத்தில் படி இல்லாமல் போனால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. பேஸ் இல்லை.

கண்ணைத் திறந்தேன். பிஷப் பெஞ்சில் இருந்தார். வழக்கப்படி சரிந்து உட்கார்ந்து, இடுப்பால் அக்காவை மெல்ல நகர்த்தியிருக்கிறார். அக்காவின் இடது கால் கட்டையிலிருந்து விலகிவிட்டது. அவர் இடது கை கீழ்வரிசையில் சரியான விசைகளை, சரியான நேரத்தில் அழுத்திக்கொண்டிருந்தது. ஒன்றும் கேட்கவில்லை. லெம் மட்டும் தனியாக அடித்துக்கொண்டிருந்தார். கவுன்டரைச் சுற்றி நாற்பது பேர் அந்தக் கையையே பார்த்தார்கள்.

பிஷப் இன்னொரு தடவை அழுத்தினார். கம்பிகளைப் பார்த்தார், எல்லாம் உள்ளே. பிறகு குனிந்து பவுலிங் ஷூவைப் பார்த்தார். “ஓ” என்றார், அக்காவுக்கு மட்டும் கேட்கும்படி. எனக்கும் கேட்டது.

ஒரு விரலால் கம்பிகளை இழுத்தார். பேஸ் வந்தது. வாசித்தார். குற்றம் சொல்ல ஒன்றுமில்லாத வாசிப்பு. வேகமான பாட்டு ஒன்றையும் எடுத்தார். இரண்டு மாசமாக வேகப் பாட்டுக் கேட்காத கூட்டம் எழுந்து நின்று கத்தியது.

இடைவேளையில் ப்ரூயிட் கவுன்டருக்கு வெளியே வந்தார். கதவுக்குப் பின்னால் கூப்பிட்டுப் பேசும் நாகரிகம்கூட அவருக்கு அன்று தோன்றவில்லை.

“எத்தனை நாளா இந்தக் கூத்து, மிஸ் வீனி?”

“ஒன்பது வாரம்.”

“என் கடையில, என் ஜனங்களை ஏமாத்தியிருக்கே.”

“பேஸ் வந்துச்சா இல்லியா?”

“அது இல்ல விஷயம்…”

“வந்துச்சா இல்லியா, மிஸ்டர் ப்ரூயிட்? ஒன்பது வாரம் இந்த ஆளுங்க தலையை ஆட்டினாங்களே, எதுக்கு ஆட்டினாங்க? என் காலுக்கு ஆட்டினாங்க. ஒருத்தராவது கண்டுபிடிச்சீங்களா?”

ப்ரூயிட் பிஷப் பக்கம் திரும்பினார். பிஷப் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: “எனக்கு அப்படிக் கால் நடக்காது, ப்ரூயிட். அதை மறைச்சுப் பேச மாட்டேன்.” துண்டைக் கீழே வைத்தார். “ஆனா எனக்கு இந்த இடம் வேணும். அதையும் மறைக்க மாட்டேன்.”

“செவ்வாய்க்கிழமையிலேர்ந்து நீங்க” என்றார் ப்ரூயிட்.

“இன்னைக்கு இன்னொரு பாதி இருக்கு. அது என்னோடது” என்று அக்கா போய் உட்கார்ந்தாள்.

இடது கையை எடுத்து, யாரோ ஒருவருடைய கைபோல, மடியில் வைத்தாள். ஒன்பது வாரமாக நாங்கள் தொடாத வேகத்தில் எண்ணி ஆரம்பித்தாள். லெம் என்னைப் பார்த்தார், நான் லெம்மைப் பார்த்தேன். கால் ஓடியது. முதல் சுற்று ஓடியது. கவுன்டரில் இருந்தவர்களில் சிலர் எழுந்து சுற்றி வந்து என் பக்கம் நின்று கீழே எட்டிப் பார்த்தார்கள். “அம்மாடி, அந்தக் காலைப் பாரு” என்றாள் ஊதாத் தொப்பிக்காரி ஒருத்தி. இரண்டாவது சுற்றும் ஓடியது. மூன்றாவதின் நடுவில் கெண்டைக்கால் பூட்டிக்கொண்டது. கட்டைமேல் பாதம் அப்படியே நின்றுவிட, ஒரே ஒலி நீளமாக அலறியது. அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு மடியிலிருந்த கையைத் தூக்கிக் கீழ்வரிசையில் போட்டு, உயிரிருந்த மூன்று விரலால் மிச்சத்தை இழுத்து முடித்தாள். நொண்டி நொண்டித்தான் முடிந்தது.

கைதட்டல் வந்தது. ஞாயிற்றுக்கிழமை யாருக்கும் வரும் கைதட்டல். ப்ரூயிட் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தார், தலை நிமிரவில்லை.

பின்வாசலில் அக்கா ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தபோது போய் நின்றேன்.

“அக்கா, நான் கண்ணை மூடிட்டேன்.”

“தெரியும்.”

“ரெண்டோட நிறுத்தியிருக்கணும்.”

“ஆமா.” ஷூவின் கயிற்றை ஒரு கையால் அவிழ்க்க முடியவில்லை. நான் குனிந்தேன், காலை இழுத்துக்கொண்டாள். “நல்லா வாசிச்சே, காலேஜ். அதான் பொறுக்கல. மட்டமா வாசிச்சிருந்தா உன்னைத் திட்டித் தீர்த்திருப்பேன்.”

பிஷப்புக்குச் சொந்த ஆர்கன் இருந்தது. திங்கள் மதியத்துக்குள் அக்காவுடையதை எடுக்கச் சொல்லிவிட்டார்கள். லெம், நான், இன்னும் மூன்று பேர் தூக்கினோம். வேறு இடம் அமையவில்லை. எங்கள் கட்டடத்தில் தரைத்தளத்து நடையில், படிக்கட்டுக்கு அடியில், குப்பைத் தொட்டிகளைத் தள்ளிவிட்டு வைத்தோம். அங்கே மின்சார இணைப்புக் கிடையாது. அக்கா பழைய சலவைக்கூடத்துக்கே போனாள். வலது கையால் துணி மடிக்கிற வேலை கொடுத்திருக்கிறார்கள்.

இப்போது அக்டோபர். தினமும் காலையில் நான் பள்ளிக்கூடம் கிளம்பும்போது படிக்கட்டுக்கு அடியில் மரம் மோதும் சத்தம் கேட்கும். டொக், டொக், டொக், டொக். மின்சாரம் இல்லாத ஆர்கனில் கட்டை மிதிபடும் சத்தம் மட்டுந்தான் வரும். ஒலி கிடையாது. பாட்டை நாமே போட்டுக்கொள்ள வேண்டும். ஜூலையில் பூட்டிக்கொண்ட அந்த வேகத்தில்தான் மிதிக்கிறாள். இப்போதெல்லாம் மூன்றாவது சுற்றைத் தாண்டி, நாலாவதின் பாதிவரை போகிறது.

முதல் மாடிக்காரி கதவைத் திறந்து கத்துவாள். “வீனி! புள்ளை தூங்குது!”

“நான் சத்தமே போடலியேடி!”

இன்று காலை என்னைப் பார்த்ததும் கால் நிற்காமலே கேட்டாள்.

“உன் பள்ளிக்கூடத்துல ஒரு மூலை கேட்டியே, என்னாச்சு? ஒரு மூலை, ஒரு பிளக். அவ்வளவுதானே?”

தலைமையாசிரியரிடம் மூன்று தடவை கேட்டுவிட்டேன். முதல் இரண்டு தடவையும் பாரில் வாசித்த பொம்பளைக்கா என்று சிரித்தார். மூன்றாவது தடவை கேட்டபோது சிரிக்கவில்லை, என் வேலையைப் பற்றிப் பேசினார்.

“கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்கா” என்றேன்.

அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் தெருவில் இறங்கிய பிறகும் அந்த மரச்சத்தம் கேட்டது. நாலாவது சுற்றின் பாதியில் நின்றது. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது.